அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தேன்

கோபியில் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் பின்னால் ஒரு கிளை வாய்க்கால் ஓடுகிறது. அதன் அக்கரையில் ஓர் அத்தி மரம் நின்றது. அத்திக்குக் காய் கிளை நுனியில் வராது. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். அதனால் மரமேறத் தெரியாத பிள்ளைக்கும் பழம் கிடைக்கும். கோடை விடுமுறையில் நானும் பெரியம்மா மகன்களும் பாதி நாள் அந்த மரத்தடியில்தான் கிடப்போம்.

"கிள்ளிப் பாக்காத சாமி. ஊதிப்போட்டு அப்படியே வாயில போடு." பழம் பறித்துக் கொடுக்கும்போதெல்லாம் அம்மிச்சி இதைச் சொல்லுவார். நான் கிள்ளிப் பார்ப்பேன். உள்ளே சிவப்புச் சதை, பொடி விதை, நடுவில் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள். சில ஊரும், சில பறக்கும், பல செத்துக் கிடக்கும். வீசி எறிந்துவிடுவேன். பெரியம்மா மகன்கள் அதையும் பொறுக்கித் தின்பார்கள்.

இப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கிள்ளிப் பார்ப்பதுதான் என் வேலை. பெங்களூரில் முனைவர் பட்டத்துக்காக அத்திக் குளவிகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். நுண்ணோக்கி அங்கே இருக்கிறது, மரங்கள் இங்கே, பவானி ஆற்றுப் பாசனத்தில் இருக்கின்றன. ஊரில் யாராவது "என்னங் கண்ணு படிக்கற?" என்று கேட்டால் "பூச்சி" என்று ஒரே வார்த்தையில் சொல்லி வந்தேன். போன மாதம் நடந்ததைப் பார்த்த பிறகு அதை முழுதாகச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

தமிழில் அத்தியைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. வராதவர் வந்தால் "என்ன, அத்தி பூத்தாப்பல இருக்குது" என்போம். வெளியே நன்றாக இருந்து உள்ளே கெட்டுப்போனதைச் சொல்ல, "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்போம். இரண்டையும் சின்ன வயதிலிருந்து தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பாதி என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தி அபூர்வமாகப் பூக்கும் மரம் இல்லை. வருஷத்தில் பல தடவை பூக்கும். பூ நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அது காய்க்குள் இருக்கிறது. நாம் காய் என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. கொத்தை உள்பக்கமாகச் சுருட்டி, பை மாதிரி வாயைக் கட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தப் பையின் உட்சுவர் முழுக்க ஆயிரக்கணக்கில் பூக்கள், ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. காம்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு கண் இருக்கும். அதில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கதவு மாதிரி மூடியிருக்கும். தேனீயோ ஈயோ வண்ணத்துப்பூச்சியோ உள்ளே போக வழியில்லை. அந்தக் கதவு வழியே நுழைந்து மகரந்தம் சேர்ப்பது ஒரே ஒரு பூச்சி. அதைத்தான் நாம் புழு என்கிறோம்.

செராட்டோசோலன் ஃபியூசிசெப்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளம். குளவிக் கூட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் நம்மைக் கொட்டாது. ஆலுக்கு வேறு குளவி, அரசுக்கு வேறு, இச்சிக்கு வேறு. உலகத்தில் அத்திப் பேரினத்தில், இந்த ஆலும் அரசும் இச்சியும் உட்பட, ஏறத்தாழ 750 வகை மரங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு குளவி, சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேல். காய் தயாரானதும் மரம் ஒரு வாசனையை விடும். அந்தக் கலவை மரத்துக்கு மரம் வேறு. ஆலமரத்துக்குப் போக வேண்டிய குளவி அத்திக்கு வராமல் இருப்பது பெரும்பாலும் அந்த மணத்தால்தான்.

ஒரு குளவி உள்ளே நுழைவதை முதல்முறை முழுசாகப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கையில் பத்து மடங்கு லென்ஸ். நெல்லிக்காய் அளவில் ஒரு பச்சைக் காய். குளவி வந்து உட்கார்ந்து, உணர்கொம்பால் காயைத் தட்டித் தட்டி நடந்தது. கண்ணைக் கண்டதும் தலையைக் கொடுத்தது. அதன் தலை தட்டையானது, செதிலுக்கு நடுவே செருகுவதற்கென்றே செய்ததுபோல. உடம்பை நெளித்து நெளித்துத் தள்ளிக்கொண்டே போனது. பாதி நுழைந்ததும் சிறகுகள் முறிந்து வெளியே ஒட்டிக்கொண்டன. உணர்கொம்பின் பெரும்பகுதியும் ஒடிந்தது. அதற்கு அப்புறம் அது வெளியே வரவே இல்லை. வரவும் முடியாது. காயின் கண்ணில் கண்ணாடித் தூள் மாதிரி அந்தச் சிறகுகள் மின்னிக்கொண்டிருந்தன. இப்போதும் எந்தக் காயில் குளவி நுழைந்திருக்கிறது என்று சிறகை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

உள்ளே போனதும் அது இரண்டு வேலை செய்கிறது. பூவின் சூல்தண்டு வழியாக ஊசியை இறக்கி, சூலகத்தில் முட்டை வைக்கிறது. கூடவே மகரந்தத்தையும் தடவுகிறது. தேனீ தேன் குடிக்கப் போகும்போது உடம்பில் ஒட்டிக்கொண்ட தூள் அடுத்த பூவில் விழுகிறதே, அந்த மாதிரி தற்செயல் இல்லை. இந்தக் குளவியின் மார்புக்கு அடியில் இரண்டு பைகள் இருக்கின்றன, சட்டைச் சோப்பு மாதிரி (சட்டைப் பையை எங்கள் ஊரில் சோப்பு என்போம்). பிறந்த இடத்தில் மகரந்தத்தை அள்ளி அதில் நிரப்பிக்கொள்கிறது. சேர்ந்த இடத்தில் முன்னங்காலால் எடுத்துப் பூவின் சூல்முடியில் பூசுகிறது. 1969-ல்தான் இந்தப் பைகளைப் பற்றி விவரமாக எழுதினார்கள்: ஆப்பிரிக்கக் காட்டத்தியைப் பார்த்துக் கலிலும் ஐசிகோவிச்சும், அமெரிக்கக் கண்டத்து அத்திகளைப் பார்த்து வில்லியம் ராமிரெஸும். பயிர் வைப்பவர் விதைப்பதுபோல ஒரு பூச்சி தெரிந்தே விதைக்கிறது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

முட்டை பட்ட பூ வீங்கிக் கொப்புளமாகிறது, அதற்குள் குஞ்சு வளர்கிறது. முட்டை படாமல் மகரந்தம் மட்டும் பட்ட பூ விதையாகிறது. மரம் பூக்களில் ஒரு பங்கைப் பிள்ளை வளர்ப்புக்குக் கொடுத்து, மீதியைத் தனக்கு வைத்துக்கொள்கிறது. தாய்க்குளவி உள்ளேயே செத்துப்போகிறது.

சில வாரம் கழித்து முதலில் ஆண் குளவிகள் கொப்புளத்தைவிட்டு வெளியே வரும். சிறகு கிடையாது, கண் கிட்டத்தட்டக் குருடு, உடம்பு மஞ்சள் கலந்த பழுப்பு. அவை பிறந்து வளர்வதெல்லாம் காய்க்குள் இருட்டில். பெண் குளவிகள் இன்னும் கொப்புளத்துக்குள் இருக்கும்போதே ஓட்டை போட்டு இணைசேர்ந்துவிடும். பிறகு எல்லா ஆண்களுமாகச் சேர்ந்து காயின் சுவரைக் கடித்துக் கடித்து ஒரு சுரங்கம் வெட்டும். ஒருநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து உள்ளங்கையில் ஒரு காயை வைத்துக்கொண்டு பார்த்தேன். தோலில் ஒரு புள்ளி கறுத்தது. ஓட்டை விழுந்தது. ஓர் ஆண் குளவி தலையை நீட்டி, வெளிச்சத்தில் திணறி, என் மடியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. கீழே விழுந்தவற்றை எறும்பு தூக்கிக்கொண்டு போனது. அப்புறம் பெண்கள் ஒவ்வொன்றாக வந்து, ஓட்டையின் விளிம்பில் நின்று காலால் சிறகை நீவிவிட்டுக்கொண்டு பறந்தன. உள்ளே இருக்கும் ஆண் பூக்கள் அந்த நேரம் பார்த்துத்தான் மகரந்தம் விட்டிருந்தன. எல்லாச் சோப்பும் நிரம்பியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு இனி ஓரிரு நாள் ஆயுள். அதற்குள் வேறோர் அத்தி மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் வேறு மரம்? ஒரு மரத்துக் காய்கள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் இருக்கும். குளவி வெளிவரும் பருவத்தில் அந்த மரத்தில் குளவி நுழையும் பருவத்துக் காய் இருக்காது. அத்தி தன் மகரந்தம் தனக்கே வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் இதனாலேயே ஒரு மரம் தனியாக வாழ முடியாது. இங்கே குளவி கிளம்பும் நாளில் பக்கத்தில் எங்காவது இன்னொரு மரம் வாசனை விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது பழுத்துக் குளவி கிளம்பும்போது மூன்றாவது மரம் தயாராக இருக்க வேண்டும். இந்தத் தொடர் ஓட்டம் வருஷம் முழுக்க, பனியிலும் வெயிலிலும் நிற்காமல் ஓட வேண்டும். என் ஆய்வே இந்த ஓட்டம்தான். 14 மரங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறேன். மாமாவின் டிவிஎஸ் 50-ல் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் சுற்றி வருவேன். நான் பெங்களூரில் இருக்கும் வாரங்களில் மாமாவே சுற்றி வந்து போட்டோ அனுப்புவார். ஒவ்வொரு மரமும் அன்று எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று நோட்டில் கட்டம் போட்டு வண்ணம் தீட்டுவேன். பிஞ்சுக்குப் பச்சை, குளவி நுழையும் பருவத்துக்குச் சிவப்பு, குளவி வளரும் பருவத்துக்கு நீலம், வெளியேறும் பருவத்துக்கு மஞ்சள், பழத்துக்கு ஊதா. மஞ்சள் வரும் வாரத்தில் எங்காவது ஒரு சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் ராத்திரி செய்யும் முதல் வேலை.

இவ்வளவு சின்னப் பூச்சி எவ்வளவு தூரம்தான் போகும் என்று கேட்கலாம். நமீபியாவில் பாலைவனத்து ஆற்றுப்படுகையில் காட்டத்தி மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. அங்கே மரங்களின் மரபணுவையும் கன்றுகளின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. மகரந்தம் சராசரியாக 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரமும், அதிகபட்சம் 160 கிலோமீட்டரும் பயணித்திருந்தது. குளவி தானாகப் பறப்பது கொஞ்சம்தான். மேலே எழும்பிக் காற்றில் ஏறிக்கொள்கிறது, மணம் வந்ததும் இறங்குகிறது. 160 கிலோமீட்டர் என்பது கோபியிலிருந்து கோயம்புத்தூரைத் தாண்டிப் பாலக்காட்டை எட்டிவிடும் தூரம். ஆனால் காற்றில் ஏறிய எல்லாமும் போய்ச் சேர்வதில்லை, மிகப் பெரும்பாலானவை வழியிலேயே சாகின்றன. வெயில் வேறு. சிங்கப்பூரில் 2013-ல் வந்த ஆய்வில், வெப்பம் ஏற ஏற அங்குள்ள அத்திக் குளவிகளின் ஆயுள் குறைந்துகொண்டே போவதைக் காட்டினார்கள். ஏற்கெனவே ஒருநாள்தான் இருக்கிறது. அதில் சில மணி நேரம் குறைந்தாலும் பெரிய இழப்பு.

எண்ணும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நாளில் முக்கால்வாசி அதுதான். காயை நாலாக வெட்டி, ஒரு தட்டில் வைத்து, ஒவ்வொரு பூவாக ஊசியால் பிரிக்க வேண்டும். விதை எத்தனை, கொப்புளம் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, சிறகில்லாமல் செத்துக்கிடக்கும் தாய்கள் எத்தனை. ஒரு காய்க்கு ஒரு முழு நாள் ஆகும். கழுத்து வலிக்கும். ஆனாலும் இந்த எண்ணிக்கையில்தான் பரிணாமத்தை நேருக்கு நேர் பார்க்க முடியும் என்பதால் எனக்கு அலுத்ததே இல்லை.

எப்படி என்றால், குளவிக்குப் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது தாயின் கையில் இருக்கிறது. கருவுற்ற முட்டை பெண், கருவுறாத முட்டை ஆண். ஒரு காய்க்குள் ஒரே ஒரு தாய்தான் நுழைந்தாள் என்று வையுங்கள். பிறக்கும் ஆண்கள் எல்லாரும் அண்ணன் தம்பிகள், அவர்கள் இணைசேரப்போவது அக்கா தங்கைகளோடு. அங்கே நிறைய மகன்களைப் பெறுவது வீண். ஒருவன் இணையாவிட்டால் இன்னொருவன், எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே. பறந்து போய் அடுத்த மரத்தைப் பிடிக்கப்போவது மகள்கள். அதனால் சில மகன்கள், ஏராளமான மகள்கள். பல தாய்கள் நுழைந்த காயில் கணக்கு மாறும். இப்போது என் மகன் அடுத்தவள் மகளோடும் சேரலாம், ஆகவே மகன்களின் பங்கு கூட வேண்டும். இந்தக் கணக்கைப் பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் 1967-ல் தாளில் போட்டுக் காட்டினார். 1985-ல் எட்வர்ட் ஆலன் ஹெர்ரே பனாமாவில் அத்திக் காய்களை வெட்டி, செத்த தாய்களை எண்ணி, பிள்ளைகளைப் பிரித்து எண்ணினார். தாய்கள் கூடக்கூட மகன்களின் பங்கும் கூடியிருந்தது. மூளை என்று சொல்ல மணல் பருக்கை அளவுகூட இல்லாத பூச்சி, இருட்டில், சிறகொடிந்து, சாவதற்குச் சில மணி நேரம் இருக்கும்போது இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிறது. முதல்முறை என் சொந்தத் தட்டில் இதே போக்கு தெரிந்தபோது ராத்திரி பதினொன்றரை. யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் திருடர்கள் இல்லாமல் இருப்பார்களா? இருக்கிறார்கள். காய்க்குள் நுழையாமலே வெளியிலிருந்து ஊசியைச் செலுத்தி முட்டை வைக்கும் குளவிகள் எங்கள் அத்தியில் அரை டஜன் வகை உண்டு. மகரந்தம் கொண்டுவராது, சிலது பூவைத் தின்னும், சிலது நம் குளவியின் குஞ்சையே தின்னும். அப்போகிரிப்டா என்ற ஒன்றின் ஊசி தலைமுடியைவிட மெல்லியது, ஆனால் பச்சைக் காயின் கெட்டிச் சுவரைத் துளைத்துவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நம்ரதா குண்டய்யாவின் குழு 2014-ல் அந்த ஊசியின் நுனியை ஆராய்ந்தது. நுனியில் ரம்பம் மாதிரிப் பற்கள், அந்தப் பற்களில் துத்தநாகம். பூச்சி தன் துரப்பணத்துக்கு உலோகம் பூசி வைத்திருக்கிறது. அதே கழகத்தில் ரெனீ போர்ஜஸும் அவருடைய மாணவர்களும் பல வருஷமாக நம் அத்தியையே எடுத்துக்கொண்டு இந்தக் குளவிகள், அவற்றின் உடம்புக்குள் சவாரி செய்யும் நூற்புழுக்கள், காய் மணத்தை மோப்பம் பிடித்து வேட்டைக்கு வரும் முசுறு எறும்புகள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளைப் படித்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

திருடர்களைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தாய்க்குளவி ஏன் எல்லாப் பூவிலும் முட்டை வைத்து மரத்தின் விதையை முழுக்க அழித்துவிடவில்லை என்பது பழைய கேள்வி. சில பூக்களின் சூலகம் காயின் உட்குழிவுக்குப் பக்கத்தில் இருக்கும், சில வெளிச்சுவரை ஒட்டி இருக்கும். வெளியிலிருந்து துளைக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கு எட்டுவது சுவரை ஒட்டியவைதான். அங்கே முட்டை வைத்தால் குஞ்சு பிழைப்பது கடினம். அதனால் தாய் உட்பக்கத்துப் பூக்களை விரும்புகிறாள், சுவரோரத்தவை விதையாகின்றன. டெரெக் டன்னும் கூட்டாளிகளும் 2008-ல் இதைக் காட்டினார்கள். மரத்துக்கு விதை மிஞ்சுவதில் திருடனுக்கும் பங்கு உண்டு.

சில குளவிகள் மகரந்தம் சுமக்காமல் வந்து ஏமாற்றும். அதற்கும் மரம் வழி வைத்திருக்கிறது. பனாமாவில் சார்லட் ஜாந்தேரும் ஹெர்ரேயும் மகரந்தம் இல்லாத குளவிகளை வேண்டுமென்றே காய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். மகரந்தம் சேராத காய்களைப் பல மரங்கள் உதிர்த்துவிட்டன. உள்ளே இருந்த குஞ்சுகளும் போயின. அப்படிக் கடுமையாகத் தண்டிக்கும் மரங்களில் ஏமாற்றும் குளவிகளும் குறைவு. 2010-ல் வந்த ஆய்வு அது.

இதெல்லாம் நேற்று ஏற்பட்ட உறவு இல்லை. இங்கிலாந்தின் வைட் தீவில் 1920களில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை வெகுகாலம் எறும்பு என்று நினைத்திருந்தார்கள். திரும்ப எடுத்துப் பார்த்தபோது அது அத்திக் குளவி. 3 கோடியே 40 லட்சம் வருஷம் பழையது, மகரந்தப் பை உட்பட இன்றைய குளவி போலவே இருக்கிறது. மரங்களின் மரபணுவையும் குளவிகளின் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இந்த உறவின் தொடக்கத்தை 7 கோடி வருஷத்துக்கும் முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். டைனோசர் காலம்.

(கடையில் விற்கும் உலர் அத்தியைப் பற்றி இனிக் கேட்பீர்கள். அது சீமை அத்தி, வேறு இனம். நம் ஊர்ச் சந்தைக்கு வரும் பூனா அத்தி குளவி இல்லாமலே காய்க்கும் வகை. தைரியமாகச் சாப்பிடலாம். நாட்டு அத்தியையும் சாப்பிடலாம், அம்மிச்சி சொன்ன மாதிரி ஊதிவிட்டு.)

எங்கோ ஒரு மரம் எப்போதும் காய்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் குளவிக்காக வந்தது. அதன் பலன் மற்ற எல்லாருக்கும் போகிறது. மற்ற மரம் எல்லாம் வெறுமையாக நிற்கும் மாதத்திலும் ஏதோ ஒரு அத்தியில் பழம் இருக்கும். உலகம் முழுக்கத் தொகுத்துப் பார்த்த 2001-ஆம் வருஷத்துக் கட்டுரை ஒன்றில், அத்தி இனப் பழங்களைத் தின்னும் பறவைகளும் பாலூட்டிகளும் 1,274 வகை என்று கணக்கு வருகிறது. ஆனைமலையில் இருவாச்சிப் பறவைக்கு ஆலும் இச்சியும் இல்லாமல் முடியாது. எங்கள் வாய்க்கால் மரத்துக்குக் குக்குறுவான் வரும், மாங்குயில் வரும், இருட்டினதும் பழந்தின்னி வௌவால் வரும். தண்ணீரில் விழும் பழத்துக்கு மீன் காத்திருக்கும். ப்ளக் என்று ஒரு சத்தம், உடனே வட்ட வட்டமாக அலை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஏழரைக்கு அம்மிச்சி போன் செய்தார். "கண்ணு, அக்கரை மரத்த வெட்டறாங்க." வாய்க்கால் ஓரத்துச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். மரத்தில் எண் எழுதிச் சிவப்புப் பட்டை போட்டது எனக்குத் தெரியும், மனுவும் கொடுத்திருந்தேன். பதில் வரவில்லை. பஸ் பிடித்து நான் போய்ச் சேர மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது.

என் நோட்டில் அது முதல் எண் மரம். அடிமரம் மூன்று துண்டாகக் கிடந்தது. வெட்டுவாயில் பால் வடிந்து உறைந்துபோயிருந்தது. வெட்ட வந்தவர்கள் மரநிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வேப்ப மரத்தின் நிழல். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் காயைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒருவர், "கொழுக்கட்டை மாதிரி எத்தன காய் பாருங்கம்மணி, வேணும்னா பறிச்சுக்குங்க" என்றார்.

காய்கள் பச்சையாக, நெல்லிக்காய் அளவில் இருந்தன. நோட்டில் அந்த வாரக் கட்டம் சிவப்பு. குனிந்து லென்ஸை வைத்தேன். தரையில் கிடக்கும் அந்த மரத்துண்டின்மேல் குளவிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மரம் வெட்டுப்பட்டு ஏழெட்டு மணி நேரம் ஆகியும் காய்களிடமிருந்து மணம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் வந்து, கொம்பால் தட்டி, கண்ணைத் தேடித் தலையைக் கொடுத்தது. சிறகு முறிந்தது. ஒரு காயின் கண்ணில் நாலு ஜோடிச் சிறகு எண்ணினேன், இன்னொன்றில் ஏழு. அவை உள்ளே போய் முட்டை வைத்து, சோப்பிலிருந்து மகரந்தம் எடுத்துப் பூசியிருக்கும். இரண்டு நாளில் அந்தக் காய்கள் சுருங்கிவிட்டன.

பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு உறிஞ்சுகுழாயால் இன்னும் நுழையாத ஆறு குளவிகளைப் பிடித்துச் சீசாவில் போட்டுக்கொண்டேன்.

அன்று ராத்திரி, சின்ன நுண்ணோக்கியைத் திண்ணையில் வைத்து ஒரு குளவியை மல்லாத்திப் போட்டேன். மார்புக்கு அடியில் இரண்டு பையும் மஞ்சளாகப் புடைத்துக்கொண்டிருந்தன. அம்மிச்சிக்கு எண்பத்தி நாலு வயது, ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் அசையாமல் பார்த்தார்.

"சோப்பு நெறையா வெச்சிருக்குது" என்றார். "எங்கிருந்துங் கண்ணு கொண்டாந்துச்சு?"

நாலாம் எண் மரமாக இருக்கும் என்றேன், கள்ளிமேட்டுப் பக்கம். அந்த வாரம் மஞ்சளில் இருந்தது அது ஒன்றுதான். மூன்று கிலோமீட்டர்.

"இனி எங்க போகும்?"

நோட்டைப் பிரித்தேன். 14 கட்டங்களில் சிவப்பு வேறு இல்லை. பச்சை இரண்டு இருந்தன. கிட்டத்தில் இருப்பது ஒன்பதாம் மரம். அதன் பிஞ்சு அன்று மிளகு அளவு. குளவி நுழையும் பருவத்துக்கு வர இன்னும் பத்து நாளாவது ஆகும்.